“நீங்க நீங்களா இருங்க”ன்னு சொல்ற லைஃப் கோச்சுகிட்ட போனவங்க இருக்கீங்களா?

குடியாத்தத்து மருமக:
மூணு மாசம் ஆச்சு, இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே கீது. அதான் எழுதறேன்.

காட்பாடி கோச். ஆறு செஷன், எல்லாம் ஜூம்ல, மாடி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு. வாழ்க்கைச் சக்கரம் போடச் சொல்வாங்களே, எட்டுத் துண்டு, பத்துக்கு மார்க்கு, அதுல ‘குடும்பம்’ எட்டு, ‘எனக்கான நேரம்’ ரெண்டுன்னு போட்டிருந்தேன். நாலாவது செஷன்ல ஹோம்வொர்க்: இந்த வாரம் ஒருத்தருக்காவது காரணம் சொல்லாம ‘முடியாது’ன்னு சொல்லணும். சாரியும் சொல்லக்கூடாது.

ஞாயித்துக்கிழமை நாத்தனார் வீட்டு ஆளுங்க வராங்க. பிரியாணிக்குத் தொட்டுக்க கத்திரிக்காய். அத்தை, “இத்தக் கொஞ்சம் அரிஞ்சு குடும்மா”ன்னாங்க. “முடியாது அத்தை”ன்னேன். அவ்வளவுதான். கத்தல, ஏன்னும் கேக்கல. செவுத்தைப் புடிச்சுக்கிட்டு மெதுவா உக்காந்தாங்க, முட்டி வலிக்காரங்க. அரிவாமணையை இழுத்துக்கிட்டாங்க. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய், காம்புல முள்ளு எப்படி இருக்கும்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஒண்ணு குத்திடுச்சு. விரலை வாயில வெச்சு உறிஞ்சிட்டு அடுத்த காயை எடுத்தாங்க.

நான் ஹால்ல போனைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். அதுதான் ‘எனக்கான நேரம்’.

அடுத்த செஷன்ல “சூப்பர்! எப்படி ஃபீல் ஆச்சு?”ன்னு கேட்டாரு. “நல்லா இருந்துச்சு சார்”னு சொல்லிட்டேன். அதுக்கப்பறம் மிச்ச செஷனுக்கு உக்காரவே இல்ல.

ஜோலார்பேட்டை ஜங்ஷன்:
என் கதை சின்னது. நான் போன கோச் “ஐ.சி.எஃப் சர்ட்டிஃபைடு”ன்னு போட்டிருந்தாரு. எங்க நைனா ரயில்வேல ரிட்டயர் ஆனவரு. போனை வாங்கிப் பாத்துட்டு, “பெரம்பூர் ஃபேக்டரிலயாடா? அங்க கோச் செய்வாங்க, கோச்சு எப்ப வாழ்க்கையைச் செய்ய ஆரம்பிச்சுது?”ன்னாரு. அன்னிக்கு முழுக்க அந்த ஆளு பேசச்சொல்ல எனக்கு நீலக் கலர் ரயில் பெட்டிதான் கண்ணு முன்னாடி ஓடிச்சு. 5,000 ரூபா போச்சு.

ஆனா சிஸ்டர், ஒண்ணு சொல்லணும். உங்க கோச் செஞ்சது கோச்சிங்கே இல்ல. அந்த ஐ.சி.எஃப், பெரம்பூர் ஃபேக்டரி இல்ல, இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன், 1995ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச அமைப்பு. கோச்சுன்னா பெரும்பாலும் கேள்விதான் கேக்கணும். இலக்கு என்ன, இப்ப நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கு, எதைச் செய்யப் போறீங்கன்னு கேட்டு, கடைசி முடிவு நம்ம வாயில இருந்து வரணும். “போய் முடியாதுன்னு சொல்லு”ன்னா அது டியூஷன் வாத்தியார் வேலை. அடுத்த தபா எவர்கிட்டயாவது போனா மொதல்ல ஐ.சி.எஃப்ல எந்த லெவல்னு கேளுங்க. மொத லெவல் ஏ.சி.சி.ன்னா குறைஞ்சது 60 மணி நேரம் பயிற்சி, 100 மணி நேரம் ஆளுங்களோட பேசின அனுபவம். அடுத்த லெவல் பி.சி.சி.ன்னா பயிற்சி 125, அனுபவம் 500 மணி நேரம். இதுவும் சும்மா ஒரு அளவுகோல்தான், நம்ம நாட்டுல கோச்சுன்னு போர்டு மாட்ட எந்த லைசென்சும் வேணாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்குத்தான் ஆர்.சி.ஐ.ன்ற மத்திய அரசு மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு கட்டாயம். எத்தினி செஷன், எவ்வளவு துட்டு, நடுவுல நிறுத்தினா என்ன திரும்பும், எல்லாம் எழுதி வாங்குங்க. சொன்னதை ரகசியமா வெப்பாங்களான்னும் கேளுங்க. மாடி ரூம்லாம் வேணாம், வெளிய எங்கயாவது உக்காந்து பேசுங்க.

கோட்டை அகழி:
ஜங்ஷன் ப்ரோ, அவங்க கேட்டது அனுபவம், நீங்க சிலபஸ் குடுத்துட்டீங்க.

எனக்கு அந்த கோச் மேல கோவமே இல்ல. முடியாதுன்னு சொன்னது தப்பில்ல, ஆளைத் தப்பாப் புடிச்சிட்டீங்க. வர்றது உங்க வீட்டுக்காரரோட அக்காவோ தங்கச்சியோ, அவரு அப்ப எங்க இருந்தாரு? அத்தையும் நீங்களும் சேந்து அவர்கிட்ட சொல்லியிருக்கணும்.

சிப்காட் ஷிஃப்ட்டு:
ராணிப்பேட்டை. லெதர் கம்பெனில ஆபீஸ் வேலை. “எதுக்கு வாழறோம்னு தெரியல”ன்னு ஒரு கோச்சுகிட்ட போனேன். பர்ப்பஸ், அத்தண்டிக் லைஃப்னு அப்பல்லாம் நெறைய வீடியோ பாப்பேன். ரெண்டாவது நாள் பேசிக்கிட்டே இருக்கச்சொல்ல, “எத்தினி நாளா தூக்கம் இல்ல?”ன்னு கேட்டாரு. அஞ்சு மாசம்னேன். நோட்டை மூடி வெச்சிட்டாரு. அப்பவே என் போன்ல டிங்குன்னு சத்தம். பாத்தா 3,500 ரூபா, நான் கட்டின பணம், திரும்ப வந்துக்கீது. “இது என் வேலை இல்லைங்க, டாக்டரைப் பாருங்க.”

எனக்கு அசிங்கமாப் போச்சு. பைத்தியம்னு சொல்லிட்டான்னு நெனச்சு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வண்டி ஓட்டினேன். அப்பறம் ஒரு மாசம் கழிச்சு வீட்டுல இழுத்துக்கிட்டுப் போனது வேலூர் பாகாயம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியோட மனநல மையம் 1957ல இருந்து அங்க இருக்கு, சேந்தா கூட வீட்டு ஆளும் தங்கணும். பத்து நாள் என் சம்சாரம் பக்கத்துலயே இருந்துச்சு. இப்ப தூங்கறேன். அந்த டிங் சத்தம் மட்டும் வேற யார் போன்ல கேட்டாலும் திரும்பிப் பாக்கறேன். அவருக்கு ஒரு தேங்க்ஸ் கூட சொல்லல. நம்பர் இருக்கு. எடுக்கறேன், வெச்சிடறேன்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன்:
கோட்டை அகழி, சிலபஸ்னு நக்கல் அடிச்சீங்களே, சிப்காட் அண்ணன் சொன்னதுதான் என் பாயின்ட்டு. தன் எல்லை தெரிஞ்ச கோச்! அண்ணே, போன் பண்ணிடுங்க. இல்லாட்டி ரெண்டு வரி மெசேஜ் போடுங்க.

குடியாத்தத்து மருமக:
அகழி, அவரு கறி வாங்கப் போயிருந்தாரு. ஆனா நீங்க கேட்டது சரிதான், எனக்கு அப்ப தோணவே இல்ல.

ஒண்ணு விட்டுட்டேன். போன ஞாயிறு மறுபடி கத்திரிக்காய். யாரும் சொல்லாம நானே அரிவாமணை எடுத்து உக்காந்தேன். அத்தை பின்னாடி வந்து நின்னாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு, “இதுவும் அந்த மாடி ரூம் வாத்தியார் சொன்னதா?”ன்னாங்க.

நான் கோச்சைப் பத்தி வீட்டுல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டதில்ல.