மறுமொழி: பின்விளக்கில் மூட்டம் – ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

அன்புள்ள குழுவினருக்கு,
சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு கார்ப் பட்டறைக்கு ஊரிலிருந்து வரும் தம்பிகளுக்காகக் கையேடு மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சு. மழைக்குப் பிறகு பின்விளக்கின் மூடிக்கு உட்புறம் மெல்லிய ஈரம் படியும். விளக்கு எரிந்து சூடேறினால் மெல்லப் போய்விடும். அது பழுதில்லை. அடியில் தண்ணீர் தேங்கினால்தான் பழுது. நம் பேச்சில் இரண்டுமே 'தண்ணி பூந்துடுச்சு'தான். முதலாவதற்கு ஒரு சொல் தாருங்கள்.
– உபி

*

தமிழகப் பாடநூலில் 'ஆவி சுருங்குதல்', இலங்கையில் 'ஒடுங்கல்'. இரண்டும் நிகழ்வின் பெயர்கள்; கண்ணாடியில் நாம் பார்ப்பதன் பெயர் அல்ல. 'பனிப்பு' எப்படி? கண்கள் பனித்தன என்கிறோம். அப்பரும் 'பனித்த சடையும்' என்கிறார்.
– தெம்பனிஸ்

*

பனித்தலுக்கு நடுங்குதல் என்றும் பொருள் உண்டு, ஐயா. நிகண்டு படித்தவன் விளக்கு நடுங்குகிறது என்று எடுத்துக்கொள்வான். நான் 'ஓதம்' என்பேன். பழம்பாடல்களில் அது கடல் அலை, கடற்பெருக்கு. ஊர்ப்பேச்சில் சுவரில் ஏறும் ஈரம். ஓதுவது போல ஒலிப்பதால் அலைக்கு ஓதம் என்று பெயர் வந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். ஓதுவார், ஒலி என்னும் பொருளுள்ள ஓதை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்…
– ஜூரோங்

*

ஐயா, நிகண்டு படித்தவர் யாரும் எங்கள் பட்டறையில் இல்லை. விளக்கு நடுங்கினால் ஹோல்டர் முனையில் பச்சை பூத்திருக்கும், அவ்வளவுதான்.

விளக்குக் கூடு முழுக்க அடைத்தது அல்ல. சூடானால் காற்று வெளியேறவும், ஆறினால் உள்ளே வரவும் துளை உண்டு. சிலவற்றில் காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வும் இருக்கும். ஈரம் தெரிந்ததும் அந்தத் துளையில் சிலிக்கோன் பசை பூசிவிடுகிறார்கள் சில பையன்கள். அப்புறம் உள்ளே இருக்கும் ஈரம் எப்படி வெளியே போகும்? இந்த ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கிறது, அதனால் இதைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

தண்ணீர் தேங்கினால் கழற்றி, பேக்கிங், மூடி ஒட்டிய விளிம்பு, விரிசல் எல்லாம் பார்க்க வேண்டும். எல்இடி பலகையில் நீர் பட்டுக் கெட்டால் பெரும்பாலும் விளக்கையே மாற்றும்படி ஆகும். பிரேக் விளக்கு எரியாமல் பரிசோதனைக்குப் போக முடியாது. 3 வயது தாண்டிய காருக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை, 10 தாண்டினால் ஆண்டுதோறும் அந்தச் சடங்கு. சொல்லுக்கு 'ஃபாக்' போதும்.
– சின் மிங்

*

'ஃபாக்' என்று போட்டால் சீன நண்பருக்கும் புரியும், மலாய் நண்பருக்கும் புரியும். பிறகு தமிழில் எதற்குக் கையேடு? 'பேக்கிங்' மட்டும் என்ன, அதற்கும்…
– ஈசூன்

*

பேக்கிங்குக்குத் தனி இழை தொடங்குங்கள், கும்பிடுகிறேன். புகைமூட்டம் இங்கே வந்த எல்லோருக்கும் பழகிய சொல். அதே போல 'நீர்மூட்டம்'?
– செங்காங்

*

நீர்மூட்டத்துக்கு நான்கு பேர் தலையாட்டியிருக்கிறார்கள். அதுவே போகட்டும். பழுதுக்கு 'நீர்த்தேக்கம்' என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். அது மெக்ரிட்சி போன்ற குடிநீர் ஏரிக்கான சொல், ஐயா. 'கசிவு' வெளியே போவதைத்தான் முதலில் நினைவூட்டுகிறது. 'நீர் புகுந்து தேங்குதல்' என்று விளக்கமாகவே விடுகிறேன். துளைக்கு 'மூச்சுத்துளை' – யாரும் சண்டைக்கு வரவில்லை.
– உபி

*

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் மூன்றெழுத்து ஓதம் இருக்க ஆறெழுத்து நீர்மூட்டம் ஏன் என்று யாரும் பதில் சொல்லவில்லை. ஓதை பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.
– ஜூரோங்