கோதுமை கலக்காத பெருங்காயம் எங்கே கிடைக்கும்?

வணக்கம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கிறேன். ஞாயிறன்று அவர்களுக்கு இட்லியும் சாம்பாரும் செய்து பரிமாற ஆசை. வீட்டு அம்மாவுக்கு சீலியாக் நோய். கோதுமை துளியும் ஆகாது. இட்லியில் பிரச்சினையில்லை. ஆனால் என்னிடமுள்ள பெருங்காய டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் ‘கோதுமை மாவு’ என்றிருக்கிறது!

அரிசி மாவு கலந்த பெருங்காயத்தை இங்கே யாராவது வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால், பூண்டைத் தட்டிப் போட்டுத் தாளித்தால் மணம் ஈடாகுமா? சைவம் சாப்பிடும் எனக்காகத் தனிச் சட்டியே ஒதுக்கிவைத்திருப்பவர் அவர். பயமில்லாமல் அவர் சாப்பிட வேண்டும்.

இன்னொன்று: இந்தக் குளிரில் மாவு பொங்க, ஓவனில் (oven) விளக்கை மட்டும் எரியவிட்டால் போதுமா? எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும்? சனிக்கிழமை காலை அரிசி ஊறப்போடுகிறேன். அதற்குள் சொன்னால் பேருதவி.