உதவி: ஆய்வகக் கணினிகள் நெட்வொர்க் வழியாகப் பூட் ஆகவில்லை

தாம்பரம்_லேப்: வணக்கம். எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் 30 கணினிகளும் ஹார்டு டிஸ்க் இல்லாமல் சர்வரிலிருந்து பூட் ஆகுபவை. திங்கட்கிழமை காலையிலிருந்து ஒன்றுகூடப் பூட் ஆகவில்லை. சர்வரில் யாரும் கை வைக்கவில்லை. நாளை மறுநாள் செய்முறைத் தேர்வு. தெரிந்தவர்கள் உடனே உதவுங்கள்.

கிண்டி_நிர்வாகி: திரையில் என்ன பிழை வருகிறது, கணினியைத் தொடக்கும் மென்பொருள் பழைய பயாஸா புதிய யூஇஎஃப்ஐயா, சர்வரைத் தவிர வேறு எதையாவது மாற்றினீர்களா?

கேபிள்_மணி: இது கேபிள் கோளாறுதான். மழைக்காலத்தில் கிரிம்ப் முனைகள் பச்சை பிடித்துவிடும். ரிச்சி தெருவில் புதிய பேட்ச் கேபிள் வாங்கி மாற்றிப் பாருங்கள்.

பழைய_பாக்கெட்: முப்பது கேபிளும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பச்சை பிடித்தனவா? தம்பி, ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபிக்கு 67ஆம் போர்ட், பூட் கோப்பை அனுப்பும் டிஎஃப்டிபிக்கு 69ஆம் போர்ட் என்ற அரிச்சுவடியைப் படித்த பிறகே ஆய்வகச் சாவியை வாங்கியிருக்க வேண்டும். டிஎச்சிபியில் பூட் சர்வரையும் கோப்பின் பெயரையும் சொல்லும் 66, 67 ஆப்ஷன்களைச் சரிபார்க்கவும்.

கிண்டி_நிர்வாகி: அந்த இரண்டையும் நிலையாக எழுதி வைத்தால் பயாஸுக்கும் யூஇஎஃப்ஐக்கும் ஒரே கோப்புதான் போகும். 93ஆம் ஆப்ஷனில் கணினி சொல்லும் வகையைப் பார்த்துக் கோப்பைப் பிரித்துக் கொடுப்பதே முறை.

பழைய_பாக்கெட்: நெட்வொர்க் பூட்டுக்கான பிஎக்ஸ்இ 2.1 வரையறை வந்த 1999இலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். ஒரே வகைக் கணினிகள் உள்ள ஆய்வகத்துக்கு அந்த ஆடம்பரம் எதற்கு?

கிண்டி_நிர்வாகி: ஒரே வகை என்று அவர் இன்னும் சொல்லவே இல்லையே, ஐயா.

தாம்பரம்_லேப்: மன்னிக்கவும், வகுப்பில் இருந்தேன். எல்லாமே பயாஸ். பிழை பிஎக்ஸ்இ-இ51. ஞாயிறன்று பழைய சுவிட்சை எடுத்துவிட்டு அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் வைத்தார்கள். பென் டிரைவில் உபுண்டு போட்டால் ஐபி கிடைப்பதால் அதைச் சொல்லவில்லை.

கிண்டி_நிர்வாகி: சொல்லியிருக்க வேண்டியதே அதுதான். இ51 என்றால் டிஎச்சிபி பதிலே வந்து சேரவில்லை என்று பொருள். கோப்பின் பெயர் கிடைக்காவிட்டால் இ53 வரும், ஆகவே 66, 67 பற்றிய பேச்சுக்கே இடமில்லை. கணினி பூட் ஆகத் தொடங்கும்போது நெட்வொர்க் கார்டின் இணைப்பு ஒருமுறை அறுந்து மீண்டும் வரும். உடனே, நெட்வொர்க்கில் சுழல் உருவாகாமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ, சுவிட்சில் அந்தக் கேபிள் செருகிய போர்ட்டை 15 விநாடி கேட்கும் நிலையிலும் 15 விநாடி கற்கும் நிலையிலும் நிறுத்தி வைப்பதால், அதற்குள் சில கார்டுகள் கேட்டுக் கேட்டுக் கைவிட்டுவிடுகின்றன. உபுண்டு பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்பதால் அதற்கு ஐபி கிடைக்கிறது. சோதிக்க, ஒரு கணினிக்கும் புதிய சுவிட்சுக்கும் நடுவில் சாதாரண 5 போர்ட் சுவிட்சை வையுங்கள்; கார்டின் இணைப்பு அறுந்தாலும் புதிய சுவிட்சின் இணைப்பு அறாது. பூட் ஆனால், கணினிகள் இருக்கும் போர்ட்டுகளில் மட்டும் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். ஸ்பேனிங் ட்ரீயை அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

தாம்பரம்_லேப்: நடுவில் வைத்ததும் பூட் ஆனது. போர்ட்ஃபாஸ்ட் போட்டாயிற்று, முப்பதும் வந்துவிட்டன. நன்றி.

கேபிள்_மணி: அந்தச் சிறிய சுவிட்சுக்குப் புதிய கேபிள்தானே போட்டீர்கள்?