மெஷின் கையை விட்டுப் போன அந்த ஒரு நொடி: உங்கள் அனுபவம்

அரைவட்டம்:

ஆறு வருடம் ஆகிறது. இன்னும் இரும்பு அறுக்கும் கைக் கிரைண்டர் சுவிட்சில் கை வைத்தால் முதலில் பின்னால் இருக்கும் கதவைத்தான் பார்க்கிறேன்.

கேட்டில் ஒரு பழைய கீலை அறுக்க வேண்டும். என்னுடையது 5 அங்குல மெஷின். அதற்கான வீல் தேய்ந்து உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. வெல்டிங்குக்கு வந்தவர் விட்டுப்போன 7 அங்குல வீல் ஒன்று அலமாரியில் கிடந்தது. நடு ஓட்டை இரண்டுக்கும் ஒன்றுதான், 22.23 மி.மீ. கச்சிதமாக உட்கார்ந்தது. வீலை மூடி நிற்கும் பாதுகாப்புத் தகடு, அந்தக் கார்டுதான் இடித்தது. கழற்றி ஓரமாக வைத்தேன்.

ஐந்தாறு நொடி ஓடியிருக்கும். காய்ந்த ஓட்டைத் தரையில் அறைந்தது போல ஒரு சத்தம். கையில் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, முன்னால் வீல் இல்லை. நட்டுக்கு அடியில் கிழிந்த வட்டமாக ஒரு மிச்சம். திரும்பினால் கதவுப் பலகையில், என் காது உயரத்தில், கருப்பாக ஒரு துண்டு சொருகி நிற்கிறது. அதற்கும் தலைக்கும் நடுவே எத்தனை விரற்கடை இருந்திருக்கும் என்று அன்று இரவெல்லாம் படுத்துக்கொண்டே அளந்தேன்.

கண்ணாடிகூடப் போட்டிருக்கவில்லை. வீட்டில் இன்றுவரை முழுக் கதையைச் சொன்னதில்லை. உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்குமே, எழுதுங்கள்.

இடக்கை:

எனக்கு டிரில்லிங் மெஷின். கான்கிரீட் பீமில் 12 மி.மீ. ஓட்டை, ஏணி மேல் நின்றுகொண்டு. பக்கவாட்டுக் கைப்பிடி பெட்டியிலேயே இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஒரே ஒரு ஓட்டைதானே!

பிட் உள்ளே கம்பியில் போய்க் கடித்துக்கொண்டது. பிட் நின்றுவிட்டது, மெஷின் நிற்கவில்லை. என் மணிக்கட்டையும் சேர்த்துத் திருகிக்கொண்டு முழுசாக ஒரு சுற்று. டிரிக்கரை விட வேண்டியதுதானே என்பீர்கள். பயத்தில் விரல் இன்னும் இறுகத்தான் செய்தது. போதாததற்கு, டிரிக்கரை விட்டாலும் மெஷினை ஓடவைக்கும் லாக் பொத்தானும் அமுங்கியிருந்தது. வயர் மெஷினில் சுற்றி இழுபட்டு, பிளக் தானாகப் பிடுங்கிக்கொண்டதால் நின்றது. இல்லாவிட்டால் எங்கே போய் முடிந்திருக்குமோ.

ஆறு வாரம் கட்டு. இப்போது எழுதுவதெல்லாம் இடக்கையால்தான் என்று நினைக்காதீர்கள், பெயர் மட்டும் அன்று வைத்துக்கொண்டது. ஆனால் பாட்டில் மூடியைத் திருகினால் மணிக்கட்டுக்குள் இன்னும் ஒரு ‘க்ளிக்’ கேட்கிறது.

கணக்குப்பிள்ளை:

அரைவட்டம் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். கார்டைக் கழற்றியதைத்தான் நீங்கள் தப்பாக நினைக்கிறீர்கள் போல. கார்டு இருந்திருந்தாலும் அந்த வீல் வெடித்திருக்கலாம். துண்டு கதவுக்குப் போயிருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வீலைத் திருப்பிப் பார்த்திருந்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள். கைக் கிரைண்டரில் போடும் அறுக்கும் வீலின் விளிம்பு பொதுவாக நொடிக்கு 80 மீட்டர் வேகத்தைத் தாங்கும்படி செய்யப்படுகிறது. 7 அங்குலத்துக்கு அது சுமார் 8,500 சுற்று. உங்கள் 5 அங்குல மெஷின் சும்மா ஓடும்போது 11,000 சுற்று வரை போகும். அப்படியானால் விளிம்பு நொடிக்கு 104 மீட்டர், மணிக்கு 370 கி.மீ.க்கு மேல். வீலைப் பிய்க்கும் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். ஆக, அது தாங்க வேண்டியதைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்கு நெருக்கமாக இழுபட்டிருக்கிறது. ஐந்து நொடி தாங்கியதே பெரிய விஷயம்.

சரி, வந்ததுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். நடு ஓட்டையைச் சுற்றி ஒரு உலோக வளையம் இருக்கும், பலரும் அதைக் கவனிப்பதில்லை. அதில் மாதமும் வருடமும் அடித்திருப்பார்கள். அது காலாவதித் தேதி. வீலைக் கட்டிப் பிடித்திருப்பது பிசின், அது ஈரத்திலும் வெயிலிலும் பலம் இழக்கும். அதனால் செய்ததிலிருந்து 3 வருடம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கீழே விழுந்த வீலை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள், கீறல் கண்ணுக்குத் தெரியாது. புது வீல் மாட்டினால் முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். கெட்டுப்போனது என்றால் பெரும்பாலும் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், அறுக்கும் வீல் வேறு, தேய்க்கும் வீல் வேறு. ஒரு மி.மீ. தடிமன் வீலைப் பக்கவாட்டில் சாய்த்து வெல்டிங் மேட்டைத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

நான்தான் அது. வலது கன்னத்தில் ஒரு தழும்பு. என் கதை அவ்வளவுதான்.

பச்சைவேலி:

கணக்குப்பிள்ளை அண்ணே, நீங்கள் சொல்கிற தேதியைப் பார்த்து வாங்குகிற ஆள் யார்? கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருகிறோம். இடக்கை நண்பர் ஒரு தடித்த கையுறை போட்டிருந்தால் மணிக்கட்டு கொஞ்சம் தப்பியிருக்கும் என்று எனக்குப் படுகிறது.

என்னுடையது சிரிக்கிற கதை. வேலி கத்தரிக்கும் மெஷின், கரண்டில் ஓடுவது. செடிக்குள் கொடி ஏறியிருந்தது. கருப்பாக, வளைந்து, சரியாக ஒரு கொடி மாதிரியே இருந்ததை நறுக்கினேன். ஒரு நீலப் பொறி. மெஷின் நின்றது, வீடு இருண்டது, உள்ளேயிருந்து மூன்று பேர் ஒரே நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பிளேடில் சின்னதாக உருகிய பள்ளம்.

அன்றிலிருந்து வயர் என் தோள் மேல் ஏறி, முதுகுக்குப் பின்னால்தான் போகும். வயரே இல்லாத பேட்டரி மெஷின் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது என்பதுதான் என் கட்சி.

சுருள்:

சிரித்துவிட்டுப் போகிற விஷயமா இது? ஈரப் புல் மேல் நின்றுகொண்டு அந்த வயரை நறுக்கியிருந்தால்? தோட்டத்துக்குப் போகிற லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் டெஸ்ட் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறையாவது அழுத்திப் பாருங்கள்.

என் பங்குக்கு: 25 மீட்டர் வயர் சுருட்டிய டிரம். கிளை அரைக்கும் மெஷினுக்குத் தேவைப்பட்டது நாலு மீட்டர். நாலு மீட்டரை மட்டும் இழுத்தேன், மிச்சம் டிரம்மிலேயே. அரை மணி நேரத்தில் ஒரு வாசனை. மெஷின்தான் சூடாகிறது என்று அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், அது ஜில்லென்று இருக்கிறது. டிரம்மைத் தூக்கினால் உள்ளே எல்லாச் சுற்றும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. கேக்கைத் தலைகீழாகக் கொட்டினது போல வந்தது.

சூடு வெளியேற வழி இல்லை, காரணம் அதுதான். டிரம்மின் பக்கத்தில் இரண்டு வாட் அளவு போட்டிருப்பார்கள், சுருட்டி வைத்தால் ஒன்று, முழுக்கப் பிரித்தால் ஒன்று. சுருட்டியதற்கானது பாதிகூட இருக்காது. நான் படித்தது உருகின பிறகு.

மூன்று பேட்டரி:

பச்சைவேலி தம்பி, பேட்டரி வாங்கினால் தலைவலி போய்விடும் என்றா நினைக்கிறீர்கள்? தலைவலி வேறு இடத்துக்குப் போகும்.

18 வோல்ட் மெஷின் ஒன்று. பேட்டரியைக் காலியாகவே பெட்டியில் போட்டு ஏழெட்டு மாதம் மறந்துவிட்டேன். திரும்ப எடுத்தால் சார்ஜர் சிவப்பு விளக்கைச் சிமிட்டுகிறது, ஏற மாட்டேன் என்கிறது. யாரோ ஒருவர் நல்ல பேட்டரியிலிருந்து இரண்டு வயர் போட்டு உயிர் கொடுக்கலாம் என்று செய்து காட்டியதைப் பார்த்திருந்தேன். செய்தேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் உள்ளேயிருந்து மெல்லிய ஒரு ‘ஸ்ஸ்’. வயரைப் பிடுங்கிவிட்டுத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு. அதை ஒரு வாளி மணலில் போட்டு வெட்டவெளியில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தீப்பிடிக்கவில்லை. ஆனால் அந்த ‘ஸ்ஸ்’, குக்கர் சத்தம் கேட்டால்கூட நினைவுக்கு வருகிறது.

சார்ஜர் மறுத்தது பழுது அல்ல, புத்தி. லித்தியம் செல் ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் செம்பே கரைய ஆரம்பிக்கும். அதற்கப்புறம் சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகலாம். நெடுநாள் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள், முழுதாகவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் மாட்டாதீர்கள், ஆறவிடுங்கள்.

வாங்கும்போது 18, 20 என்று குழம்ப வேண்டாம். இரண்டிலும் வோல்ட்டைத் தருவது வரிசையாகக் கோத்த 5 செல்தான். ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதாக ஏற்றியவுடன் செல் 4 வோல்ட்டைத் தொடும், அதை வைத்து 20 என்று அச்சடிக்கிறார்கள். பார்க்க வேண்டியது, பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்று காட்டும் ஆம்பியர் மணி. 18 வோல்ட்டை அதால் பெருக்குங்கள்: 2 ஆம்பியர் மணி என்றால் 36 வாட் மணி, 5 என்றால் 90. திருகு முடுக்க 2 போதும். புல் வெட்டவும் கிளை அறுக்கவும் 2 வாங்கினால் பாதி வேலையில் உட்கார்ந்துவிடுவீர்கள். இன்னொன்று, ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் பெரும்பாலும் ஏறாது. முதல் மெஷின் வாங்கும் அன்றே அடுத்த ஐந்து மெஷினுக்கும் சேர்த்து முடிவு எடுத்துவிடுகிறீர்கள். என் பெயருக்குக் காரணம் புரிகிறதா? மூன்று மெஷின், மூன்று கம்பெனி, மூன்று சார்ஜர்.

மரத்தூள்:

கையுறை விஷயத்தை அப்படியே விட முடியவில்லை. பச்சைவேலி நண்பரே, சுற்றுகிற பிட்டுக்குப் பக்கத்தில் தளர்ந்த கையுறை போடவே கூடாது. துணி நுனியைப் பிட் கவ்வினால் விரலையும் சேர்த்துச் சுற்றிவிடும். இடக்கையைக் காப்பாற்றியிருக்க வேண்டியது பெட்டிக்குள் கிடந்த அந்தக் கைப்பிடிதான். கான்கிரீட் வேலை அடிக்கடி வரும் என்றால், பிட் சிக்கினவுடன் நழுவிக்கொள்ளும் கிளட்ச் இருக்கிற ரோட்டரி ஹேமர் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஹேமர் டிரில்லில் இரண்டு பல் வளையம் ஒன்றன்மேல் ஒன்று உரசி அதிரும், நாம்தான் நெஞ்சு வலிக்கத் தள்ள வேண்டும். ரோட்டரி ஹேமரில் காற்றை அழுத்தி ஒரு பிஸ்டன் அடிக்கும். அது அடிக்க, நாம் பிடித்துக்கொண்டால் போதும்.

என் கதை செயின் சா. விழுந்த மரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். அறுக்கிற கட்டைக்கு அப்பால், இலைக்குள் மறைந்து இன்னொரு கிளை இருந்திருக்கிறது. செயின் சுற்றி ஓடும் நீள இரும்பான பாரின் மூக்கு, அதுவும் மேல் பாதி, அதில் பட்டது. மெஷின் முகத்தை நோக்கி எழும்பியது. எழும்பியதை நான் பார்க்கவில்லை, எழும்பி முடிந்ததைத்தான் பார்த்தேன். முன் தகடு என் இடது புறங்கையில் அடித்து, பிரேக் விழுந்து, செயின் நின்றிருந்தது. நெற்றிக்கு எதிரே ஒரு முழத்தில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு பல்லில் ஈரமான பச்சைப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, அது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அன்று நான் வழக்கத்தைவிட அழுத்திப் பிடித்திருந்தேன். செயின் மழுங்கியிருந்தது. பல் கூராக இருந்தால் செதில் செதிலாகக் கொட்டும், மழுங்கினால் மாவு மாதிரித் தூள் பறக்கும். அன்று காலையிலிருந்தே தூள்தான் பறந்தது, பார்த்துக்கொண்டேதான் அறுத்தேன்.

பழைய டிரில்:

என்னுடையது விபத்து இல்லை, எழுதலாமா தெரியவில்லை.

அப்பாவின் டிரில். ஒரு நாள் விட்டு விட்டு ஓடியது, பின்பக்க ஓட்டைகளில் பச்சையும் மஞ்சளுமாகப் பொறி. கடையில் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு: “ஆர்மெச்சூர் போச்சு சார், புதுசு வாங்கிக்கோங்க.” மோட்டாருக்குள் சுற்றும் பாகம்தான் ஆர்மெச்சூர். தூக்கிப் போட மனமில்லாமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்துப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது மூடியின் உள்பக்கம் ஒரு காகிதப் பொட்டலம் டேப் போட்டு ஒட்டியிருந்தது. உள்ளே இரண்டு கார்பன், அந்தச் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கடத்தும் சின்னக் கட்டைகள், புதிது. மேலே அப்பாவின் கையெழுத்தில் ஒரே வரி: “இரண்டையும் சேர்த்து மாற்று.”

மெஷினின் பக்கவாட்டில் இரண்டு திருகு மூடி உண்டு, அதைக் கழற்றினால் போதும். உள்ளேயிருந்த கார்பன் தேய்ந்து 4 மி.மீ.கூட இல்லை, ஸ்பிரிங் எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றினேன். சுமை இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். முதலில் பொறி இருந்தது, அப்புறம் அடங்கியது. அன்று மாலை தேவையே இல்லாமல் ஒரு பலகையில் ஏழு ஓட்டை போட்டேன்.

கணக்குப்பிள்ளை:

பழைய டிரில் அவர்களே, எழுதலாமாவா! ஆனால் ஒன்று: கார்பனை மாற்றும்போது அது உட்காரும் செம்பு வளையத்தையும் டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரே பழுப்பு நிறமாக இருந்தால் சரி. ஒரு பட்டை மட்டும் கருகியிருந்தால் கடைக்காரர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்திருக்கும். அவர் திறந்தே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மரத்தூள் சொன்ன செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரமா, 4.8-ஆ என்று அந்தந்த செயினைப் பார்த்து வாங்குங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே அரம் என்று...

இடக்கை:

அண்ணே, போதும். அரைவட்டம் சார், அந்தக் கதவுத் துண்டை என்ன செய்தீர்கள்?

அரைவட்டம்:

பிடுங்கப் பார்த்தேன், வரவில்லை. அப்புறம் பெயின்ட் அடிக்க வந்தவர் அதன் மேலேயே அடித்துவிட்டுப் போய்விட்டார். விருந்தாளிகள் அதை ஆணி என்று நினைத்துக் குடை மாட்டுகிறார்கள்.