புதுப்பிப்பு: கென்யாவுக்குத் தொண்டுக்குப் போகிறவர்களுக்கு

முதல் பதிவில் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்காக ஊசி, மொழி, உடுப்பு பற்றி எழுதியிருந்தோம். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு நாட்கணக்கு விடுபட்டுவிட்டது. போட்டு 10 நாள் கழிந்தால்தான் மஞ்சள் அட்டை (ஊசி போட்டதற்கான சான்றிதழ்) செல்லும். பிறகு ஆயுளுக்கும் போதும். அட்டை இல்லாவிட்டால் திரும்பி வரும்போது இலங்கையிலேயே சிக்கல். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடலாம். பயணத்துக்கு முதல் வாரம் கொழும்புக்கு ஓடினால் பிந்திவிடும்.

மலேரியா இன்னும் முக்கியம். நம் நாட்டில் ஒழிந்துவிட்டதாக 2016இலேயே உலக சுகாதார அமைப்பு சான்று தந்ததால் பலருக்கு அந்தப் பயமே இல்லை. விக்டோரியா ஏரிப் பக்கம், கரையோரம் என்றால் நுளம்பு வலையும் மாத்திரையும் கட்டாயம். டொக்ஸிசைக்ளின் மாத்திரை என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, அங்கே தினமும், வந்தபின் 4 வாரம். அந்தக் கடைசி 4 வாரத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஊர் வந்தபின் காய்ச்சல் கண்டால் டெங்கு என்றே முதலில் நினைப்பார்கள். "கென்யாவில் இருந்தேன், மலேரியா இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள்.

அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் நேரம் கேட்டால் கவனம். 'ஸா ம்பிலி' என்றால் இரண்டு மணி, ஆனால் காலை எட்டு! விடியலிலிருந்து எண்ணுகிறார்கள், ஆறைக் கூட்டுங்கள்.

இங்கே கச்சான் காற்று வீசும் ஜூலையில் நைரோபி இரவு குளிரும். ஒரு சுவெட்டர் வையுங்கள். இராணுவப் புள்ளி உடுப்பு வேண்டாம், அங்கே சட்டவிரோதம். பொலித்தீன் பையும் 2017 முதல் தடை.