'இன்டர்மிட்டன்ட் ஃபால்ட்'டுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

ஈரோடு, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அன்பர்களுக்கு வணக்கம். மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கு கார் ஏசி பற்றி எட்டுப் பக்கக் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். 'இன்டர்மிட்டன்ட் ஃபால்ட்' என்ற இடத்தில் முட்டி நிற்கிறேன். எங்கள் பயிற்சிக் கூடத்தில் பதினெட்டு வயது டீசல் கார் ஒன்று உண்டு. கிளப்பியதும் ஜில்லென்று வரும். அரை மணி ஓடினால் வெறும் அனல். நிறுத்தி ஆறப் போட்டால் மறுபடியும் ஜில். ஏசி வாயுவை அழுத்தும் கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்சின் தகடு சூட்டில் ஒட்டாமல் நின்றுவிடுகிறது. 'விட்டுவிட்டு வரும் பழுது' என்று எழுதினேன். தலைப்புக்கு அது நீளம். ஒற்றைச் சொல் கிடைக்குமா?

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'இடையறு பழுது.' இடையறாமை என்பது தொடர்ச்சி. ஆகவே இடையறுவது எதுவென்று விளக்கத் தேவையில்லை.

சென்னை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, 'இடையறாத' என்ற சொல்லைத்தான் பையன்கள் கேட்டிருப்பார்கள். அவசரத்தில் படித்தால் பொருள் தலைகீழாகிவிடும். ஒரு கால் எழுத்தை நம்பி காரைப் பிரிக்க முடியாது.

தஞ்சாவூர்:

சரி, 'விட்டிசைப் பழுது' என்று வையுங்கள். யாப்பில் தனிக்குறில் சொல்லின் முதலில் நின்று நேரசையாக வேண்டுமானால் விட்டிசைத்தே ஆக வேண்டும். அதாவது அடுத்த எழுத்தோடு ஒட்டாமல் ஓசை அறுந்து நிற்க வேண்டும். அந்தக் காரிலும் அதுதானே நடக்கிறது? இரண்டு தகடு ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாமல் நிற்கின்றன. 'இசைதல்' என்றால் பொருந்துதலும்தான். விட்டு இசைவது, விட்டுப் பொருந்துவது. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல்லை எந்த மொழி தரும்?

சென்னை:

அழகுதான், ஐயா. ஆனால் மாணவன் அதை ஸ்பீக்கர் பழுது என்று நினைப்பான்.

யாழ்ப்பாணம்:

எங்கட பக்கம் கராஜில் 'வாகனம் பிழை' என்றுதான் சொல்லுவினம். எழுத்தில் 'வழு' வரும். 'இடைவழு' என்றால் குறுகலாக இருக்குமே. 19-ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்த கிறீன் வைத்தியரை இங்கே நினைக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு நம்மிடம் 'முறைக்காய்ச்சல்' என்று முந்தியே ஒரு சொல் இருக்கிறதுதானே. 'முறைப்பழுது' என்றால் என்ன?

தஞ்சாவூர்:

முறைக்காய்ச்சல் முறை வைத்து வரும், ஒருநாள் விட்டு ஒருநாள். இந்தக் கார் முறை தவறி வருகிறது. மேலும் 'இடைவழு' என்றால் இடைச்சொல்லில் வந்த வழு என்றே எனக்குக் கேட்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசாமல் ஓட்டுகிறாரே டிரைவர், அதை வேண்டுமானால் வழுவமைதி எனலாம், பிழையைப் பிழையென்று தெரிந்தே ஏற்றுக்கொள்வது.

ஈரோடு:

நண்பர்களே, எனக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நன்றாக ஓடும் ஏசியிலும் கம்ப்ரசர் விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது. இன்ஜின் ஓடும்போது பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லி எந்நேரமும் சுற்றும். கிளட்சிலுள்ள கம்பிச்சுருளான காயிலுக்கு மின்சாரம் போனதும் காந்தம் கிளட்ச் தகட்டைப் புல்லியோடு ஒட்ட இழுக்கும், 'டிக்' என்று சத்தம் வரும். காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் உறைநிலையை நெருங்கினால் கிளட்ச் தானே விடும். அது பழுதே இல்லை. எங்கள் காரில் நடப்பது வேறு. தேய்ந்து தேய்ந்து தகட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது. பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடம் அது. சூடேறினால் காயிலின் மின்தடை ஏறும், இழுவை குறையும், தகடு எட்டாது. ஆறினால் எட்டும். விடவேண்டிய நேரத்தில் விடுவதையும் விடக்கூடாத நேரத்தில் விடுவதையும் ஒரே சொல்லால் எழுதினால், பையன் நல்ல கம்ப்ரசரைக் கழற்றிவிடுவான்.

கோவை, ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேனுங்க. எங்க பட்டறையில் இதற்குப் பேர் எப்பவோ வைத்தாயிற்று. தானா விட்டால் 'கட்டாஃப்'. இல்லாவிட்டால் 'மக்கர் பண்ணுது'. வாடிக்கையாளர் கொண்டுவரும்போது ஒழுங்காக ஓடும், அவர் தெருமுனை தாண்டியதும் நிற்கும். அதுதான் மக்கர். பையன்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காற்றே குறைந்து வந்தால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கும். காற்று நன்றாக வந்தும் சூடாக இருந்தால் கிளட்சைப் பார். காயில் ஒயரில் 12 வோல்ட் இருந்தும் தகடு சுற்றவில்லையா, கிளட்ச்தான். வோல்ட் இல்லையா, ரிலே, பிரஷர் சுவிட்ச், ஒயர் என்று பின்னால் போ. கேஸ் அடிப்பது அப்புறம்.

தஞ்சாவூர்:

மக்கர் தமிழன்று. அரபியில் சூது, வஞ்சனை என்று பொருள். உருது வழியாக வந்தது. பாடநூலில் ஏற்ற முடியாது.

சென்னை:

சூது என்பதைவிடச் சரியான விளக்கம் இந்தப் பழுதுக்கு உண்டா, ஐயா? ரிலே, வோல்ட் எல்லாம் உள்ளே வரலாம், மக்கர் மட்டும் வாசலில் நிற்க வேண்டுமா?

தஞ்சாவூர்:

ரிலே விருந்தாளி. மக்கர் வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்துகொண்டு நம் சொல்லை வெளியே தள்ளியது. அதுதான் என் வருத்தம்.

யாழ்ப்பாணம்:

மக்கர் எங்களுக்கு விளங்காது. படத்தில் கேட்டிருக்கிறோம், அவ்வளவுதான். இரண்டு கரைக்கும் பொதுவாக ஒன்று வேண்டாமா?

ஈரோடு:

இன்று வியாழன். அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். தலைப்பில் 'விட்டுவிட்டு வரும் பழுது' என்றே போடுகிறேன், நீளமானாலும் பரவாயில்லை. இயல்பாக நிற்பதற்கு 'கட்டாஃப்'. உள்ளே ஓரிடத்தில் மட்டும் 'பட்டறை வழக்கில் மக்கர்' என்று எழுதுகிறேன். ஐந்து பேர் சரி என்றார்கள், தஞ்சை ஐயா உடன்படவில்லை. கார் சரியாகிவிட்டது. கோவை அண்ணன் சொன்னபடி பார்த்து, தகட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு ஷிம்மை, அதாவது இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய வளையத்தை, எடுத்தோம், இடைவெளி சரியானது. நேற்று இரண்டு மணி நேரம் விடாமல் ஜில்லென்று ஓடியது. ஆமாம், ஷிம்முக்குத் தமிழ் என்ன?

தஞ்சாவூர்:

சிம்பு! மூங்கிலில் கிழித்தெடுக்கும் மெல்லிய பிளாச்சு. ஷிம்மே அதிலிருந்து போனதுதான் என்று நிறுவ முடியும்.

மட்டுறுத்துநர்:

ஐயா, அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.