ஏற்காட்டில் நூலகர் கருத்தரங்கம்: யாரெல்லாம் போக முடியும்?

ஓமலூர் நூலகி:
அடுத்த மாதம் ஏற்காட்டில் ஒரு விடுதியில் இரண்டு நாள் நூலகர் கருத்தரங்கம் என்று அழைப்பிதழ் வந்திருக்கிறது. சனி, ஞாயிறு. கட்டணம் 2,500 ரூபாய், அறை வாடகை தனி. கட்டுரைகள் ஆங்கிலத்தில் மட்டும். பேசப்போவது மாற்றுத்திறனாளி வாசகர்களுக்கான சேவை பற்றி. நான் ஊர்ப்புற நூலகர். எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. பள்ளிப் பிள்ளைகள் சனி, ஞாயிறில்தான் வருவார்கள். நான் மலையேறினால் நூலகம் பூட்டித்தான் கிடக்கும், வேறு ஆள் கிடையாது. எங்களை நினைத்து அடித்த அழைப்பிதழாகத் தெரியவில்லை.

கல்லூரி நூலகர்:
வருத்தம் புரிகிறது மேடம். ஆனால் நடத்துவது ஒரு தனியார் கல்லூரி, அரசுப் பணம் இல்லை. எங்களுக்கு வாரநாளில் விடுப்பு கிடைக்காது. பதவி உயர்வுக்குக் கட்டுரை வெளியிட்டாக வேண்டும், வெளிமாநிலத்தவரும் வருவார்கள், அதனால்தான் ஆங்கிலம். ஏற்காடு என்றால் பெயர் கொடுக்கிறார்கள். சேலம் டவுனில் வைத்தால் கூட்டம் சேராது, அனுபவத்தில் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி வாசி:
நான் சக்கர நாற்காலியில் இருந்து வேலை பார்க்கும் நூலகர். முன்பு ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கக் கூப்பிட்டார்கள். மேடைக்கு நான்கு படி, சாய்தளம் இல்லை. நாற்காலியோடு தூக்கட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். கீழே மைக் வயர் எட்டவில்லை. ஒரு மாணவி மேடை விளிம்பில் மண்டியிட்டு, கடைசிவரை மைக்கை என் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்வரிசைக்கு நான் தெரிந்திருக்கவே மாட்டேன். 'தனியார்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது சார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகல் வசதி விஷயத்தில் தனியாரையும் சேர்த்தே சொல்கிறது. அப்புறம், 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் பஸ்ஸில் என் நாற்காலியை எப்படி ஏற்றுவது?

கல்லூரி நூலகர்:
அப்படி நடந்திருக்கக் கூடாது. சாய்தளம் இருக்கிறதா என்று நானே கேட்டு எழுதுகிறேன். ஆனால் இடம், மொழி எல்லாவற்றையும் இதோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

ஓய்வுபெற்ற நூலகர்:
இடமும் இதில் சேர்ந்ததுதான் தம்பி. 1936இல் அமெரிக்க நூலகச் சங்கம் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் மாநாடு வைத்தது. கறுப்பின நூலகர்களுக்கு மாநாட்டு ஓட்டல்களில் அறை இல்லை. கூட்டங்களில் தனி வரிசை. சாப்பாட்டோடு நடந்த அமர்வுகளுக்குள் விடவே இல்லை. கண்டனம் கிளம்பியது. எல்லோரையும் சமமாக நடத்தாத இடத்தில் இனி மாநாடு இல்லை என்று சங்கம் அந்த ஆண்டே முடிவெடுத்தது. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே யார் வரலாம் என்பதும் முடிவாகிவிடுகிறது.

கல்லூரி நூலகர்:
ஐயா, அந்த ஒப்பீடு நியாயமில்லை. அங்கே நிறம் பார்த்து ஒதுக்கினார்கள். இங்கே யாரையும் வராதே என்று சொல்லவில்லை.

ஓமலூர் நூலகி:
வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா சார்? 2,500 ரூபாயும் சனிக்கிழமையும் போதாதா?

மலைக்காரன்:
ஆளாளுக்கு ஏற்காடு வேண்டாம் என்பது போல எழுதுவது எனக்கு வலிக்கிறது. சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடி ஊர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. ஒரு தடவை நீங்கள் மேலே வாருங்கள். ஆனால் விடுதியில் வேண்டாம், பள்ளிக்கூடத்தில் வையுங்கள். அரை நாள் எங்கள் பிள்ளைகளோடு உட்காருங்கள். காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு எந்த நேரத்தில், எந்த வழியாகப் புத்தகம் வர வேண்டும் என்று எங்களிடமே கேளுங்கள். விடுதிக்குள் நடக்கும் கருத்தரங்குக்கு மலை வெறும் வேடிக்கைதான்.

அஸ்தம்பட்டி வாசி:
இவர் சொல்வது சரி. படியில்லாத வகுப்பறையாக இருந்து, காருக்கு ஏற்பாடும் செய்தால் நான் வருகிறேன்.

கல்லூரி நூலகர்:
விடுதிக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, அதனால் பள்ளிக்கூடம் கஷ்டம். தமிழில் ஒரு அமர்வு, பொது நூலகர்களுக்குக் கட்டணம் வேண்டாம், சாய்தளம், கார். இவற்றைக் கேட்டுப் பார்க்கிறேன். தேதியை மாற்ற முடியாது.

ஓமலூர் நூலகி:
நாள் மாறாவிட்டால் கட்டணத்தை விட்டுக்கொடுத்து எங்களுக்கு என்ன பயன்? வெள்ளி, சனி என்று வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு நாள் விடுப்பு, அவ்வளவுதான். தமிழ் அமர்வை வெள்ளிக்கிழமையே வையுங்கள். காலையில் பஸ் பிடித்து வந்துவிடுவேன்.